தண்ணீர் ஆகாத தீயணைப்பு வீரர்

"'ஈரத்தோட என் பக்கத்துல வராதே'ன்னா சொன்னீர்? தீயணைக்கப் பிறந்தவருக்குத் தண்ணி ஆகாதாக்கும்!" என்று ரோபோவிடம் சீறியது அடுப்படித் துணி.

மெழுகுவத்தி அணைக்கும் போட்டிக்காக, உடம்பெல்லாம் ஒயரோடு செய்த ஆறுகால் ரோபோ அந்தத் 'தீயணைப்பு வீரர்'. அது சாப்பாட்டு மேஜையில் எரிந்த மெழுகுவத்தியிடம் மிடுக்காக நடந்துபோய் வயிற்று விசிறியைச் சுழற்றியது. மெழுகுவத்தி சாய்ந்து, பக்கத்தில் கிடந்த செய்தித்தாள் பற்றிக்கொண்டது. ரோபோ இன்னும் வேகமாக விசிறியது. தீ ஜன்னல் திரைக்குத் தாவப் பார்த்தது.

"விசிறாதேடா, மடையா!" என்று கத்திக்கொண்டே துணி தொப்பென்று தீமேல் விழுந்து அதை அணைத்தது. அதற்குள் பாதி உடம்பு கரிந்துபோயிற்று.

"இது செல்லாது," என்றது ரோபோ. "விதிப்படி மெழுகுவத்தியைத்தான் அணைக்கணும். தீப்பெட்டி அண்ணே, அதை மறுபடி ஏத்துங்களேன்."

தீப்பெட்டி திரும்பிப் படுத்துக்கொண்டது.