மாற்று ஆள்

ஓசூர் முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாய் இருபது பேர்; ஆயா, முனிலட்சுமி ஒருத்திதான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொருமுறை எல்லோரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்று நாளாய், பாதிப் பேரை அவள் போவதற்கு முன்பே யாரோ புரட்டி, முதுகில் பவுடரும் போட்டுவிடுகிறார்கள்.

மேனேஜர் ராமப்பனிடம் கேட்டாள்.

"யாரு சார் அந்தப் புண்ணியவதி? கண்ணுலயே பட மாட்டேங்குறாங்க. கை மட்டும் ஜில்லுன்னு இருக்காம், பெரியவங்க சொல்றாங்க."

ராமப்பன் பேனாவை மூடினார்.

"உனக்கு முன்னாடி இருந்த ஆயா ஜோதியம்மாளா இருக்கும். போன மாசம் நெஞ்சு வலிக்குதுன்னு லீவு கேட்டா. கம்பெனி ஷிப்ட் மாதிரிதான், மாற்று ஆள் வந்தாத்தான் போகணும்னு சொல்லிட்டேன். அன்னிக்கே ஒன்பதாம் கட்டில்கிட்ட விழுந்து செத்துப்போனா. நீ வந்ததை யாரும் அவகிட்ட சொல்லல போல. இரு, சொல்லிட்டு வர்றேன்."

முனிலட்சுமி கதவை மறித்து நின்றாள்.

"சொல்லிடாதீங்க சார். இருபது பேரை நான் ஒருத்தியா எப்படிப் புரட்டுறது?"