பாய் விரித்த அறை

அறையிலிருந்த மேஜையை வெளியே தூக்கிப்போடச் சொன்னதே அவள்தான்.

நாற்காலிகளும் போயின. தரையில் ஒரு பாய் மட்டும். கதவு ஒருக்களித்துத் திறந்தே கிடந்தது. மூடிய கதவைப் பார்த்தால் மலைச் சனத்துக்கு மூச்சு முட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அவளும் அந்த மலைதான். அங்கிருந்து வந்து படித்து மனநல ஆலோசகரான முதல் ஆள். குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளை 'மலை டாக்டர்' என்பார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. எங்கள் ஆட்களின் மனக்காயத்தை எங்கள் வழக்கப்படிதான் ஆற்ற முடியும் என்று மல்லுக்கட்டி வாங்கிய அறை இது.

இன்றுதான் முதல் அமர்வு.

எதிரே உட்கார்ந்திருந்த மலைக்காரிக்குச் செங்கல் சூளையில் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகளைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று யாரோ போட்டுக்கொடுக்க, அலுவலகம் குழந்தையைக் கொண்டுபோய்க் காப்பகத்தில் வைத்துவிட்டது.

முன்பு வந்த இரண்டு ஆலோசகர்களிடமும் அவள் வாயே திறக்கவில்லை. பெரிய குற்றம் ஒன்றும் தேறாததால், குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. இந்த அமர்வு வெறும் ஒப்புக்கு.

மலை டாக்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மலை மொழியில் பேசினாள். பிறகு எதுவும் கேட்கவில்லை.

சூளைக்காரி தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"அவரு செத்த பிறகு ஒருநாள், புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு அணைக்கட்டுக்குப் போனேன் தங்கச்சி. ரெண்டு பேரும் விழுந்துடலாம்னு. 'குளிருதும்மா'ன்னுச்சு. திரும்பி வந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் உடைந்து அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள். மகள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாளே, காப்பகத்தில் யார் தட்டிக் கொடுப்பார்கள் என்று கேட்டாள்.

குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்டது எதையும் மறைக்க மலை டாக்டருக்கு அனுமதி கிடையாது.

சூளைக்காரி எழுந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஒண்ணு விடாம சொல்லிடு தங்கச்சி."

மாடியில் அதிகாரி முழுவதையும் கேட்டார். குழந்தையைத் தாயிடம் அனுப்ப வேண்டாம், தத்துக் கொடுக்க வேறு குடும்பம் பாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு பேர் முட்டி மோதியும் வராதது உங்களுக்கு ஒரே நாள்ல வந்துடுச்சே! இனிமே மலைக் கேஸ் எல்லாம் உங்க ரூமுக்குத்தான்."

பிறகு ஞாபகம் வந்தவராக, "இங்க பேசுறது மேலிடத்துக்குப் போகும்னு முதல்லயே அவகிட்ட சொல்லிட்டீங்கல்ல? நாளைக்கு வம்பு வரக் கூடாது."

"சொன்னேன்."

பொய்யில்லை. 'அறிக்கை' என்பதற்கு மலை மொழியில் வார்த்தை கிடையாது. அதனால், 'நீ சொல்றதைப் பெரியவங்ககிட்ட சுமந்துக்கிட்டுப் போவேன் அக்கா' என்று சொல்லியிருந்தாள்.

சின்ன வயதிலேயே மலையை விட்டுப் பள்ளி விடுதிக்கு வந்துவிட்டவள் அவள். மலையில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்பது, சூளைக்காரி கையைப் பிடித்தபோதுதான் உறைத்தது.

அடுத்தவருக்காகப் பெரியவர்களின் காலில் விழுந்து கெஞ்சப் போகிறவர்கள் மட்டுமே அப்படிச் சொல்வார்கள்.

ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். சூளைக்காரி இன்னும் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போக, வாசலிலேயே நின்றிருந்தாள்.