லாரியின் பின்பக்கம்

செங்கல் ஏற்றி ஓட்டிவந்த பழைய லாரியைப் பாவாயியின் கணவர் விற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அது கைமாறிக் கைமாறிக் கப்பலேறி, ஹாலந்தில் யோஹான் என்ற கிழவரின் கொட்டகையில் புதுக்கருக்கோடு நிற்பதை, அங்கேயே வசிக்கும் மகள் யசோதா சேஸிஸ் நம்பரை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தாள். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்காவது காட்டலாம் என்று ஊரிலிருந்து வரவழைத்தாள்.

யோஹான் கேபின் கதவைத் திறந்து கைகாட்டினார். பாவாயி அதில் ஏறாமல் பின்பக்கம் போனாள். மகளின் தோளைப் பிடித்து ஏறி, பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஓட்டச் சொல்லு கண்ணு."

லாரி புல்வெளி ஓரமாக மெல்ல உருண்டது. யசோதா கூடவே நடந்தாள். சிறிது தூரத்தில் பாவாயி எழுந்து கேபினை ஓங்கி ஓங்கித் தட்டினாள். வண்டி நின்றது.

"என்னம்மா, பயமா இருக்குதா?"

"உங்கண்ணன் ஆஸ்பத்திரியில சாகல கண்ணு. காய்ச்சலோட இதுலதான் படுக்கவெச்சுக் கொண்டுபோனோம். பாதி வழியில என்ற மடியிலயே அடங்கிட்டான். தட்டியிருந்தா உங்கப்பா நிறுத்தியிருப்பாரு. மகனைக் காப்பாத்திப்போடலாம்னு அந்த மனுசன் விரட்டிக்கிட்டுப் போறாரு. எனக்குக் கை எழல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டட்டும்னு விட்டுட்டேன்."

யோஹான் இறங்கிப் பின்பக்கம் வந்து, ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்தார்.

பாவாயி அவரிடம் தமிழிலேயே சொன்னாள்:

"பையன் போயிட்டானுங்க."