கடைசிக் குப்பி

ஆய்வக உதவியாளன் காலையில் ஆய்வகத்தைத் திறந்தான். கையுறை மாட்டினான். உறைபெட்டியில் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். பின்னாலேயே ஆராய்ச்சியாளர் வந்துவிட்டார்.

"அந்தக் கடைசிக் குப்பியை எடுப்பா."

"வேற நோயாளியோட செல்லைத் தரேன் மேடம்."

"வேற எதுவும் உதவாது. காயத்தை ஆத்த வந்த செல்லுங்க, வேலை முடிஞ்சும் போகாம நுரையீரலையே தழும்பாக்கிடுது. இந்தக் குப்பியில இருக்கிறது மட்டும்தான் நம்ம மருந்துக்கு அடங்குது. ஏன்னு தெரிஞ்சா நாலு பேர் பிழைப்பாங்க."

"எடுத்தா தீர்ந்துடுமே."

"பூதம் புதையலைக் காக்கிற மாதிரி காக்கிறியே! குடுத்தவங்களே போய்ச் சேர்ந்தாச்சு. சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்தாங்க?"

"போட்டது நான்தான் மேடம். அவ கையில பேனா நிக்கலை."

குப்பியில் எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"உன் மனைவியோடதா? எனக்குத் தெரியாதுப்பா... வேணாம், உள்ளேயே இருக்கட்டும்."

அவன் உறைபெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். பிறகு அதன் கதவைத் திறந்து, குப்பியை எடுத்து அவரிடம் நீட்டினான்.

ஆஸ்பத்திரி அறையில் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கதவைத் திறந்து விடேன். மூச்சு முட்டுது."