மையம் மட்டும்

பக்கவாதத்துக்குப் பிறகு நல்லதம்பியின் தலைக்குள் வைத்த சிப் வெறும் மையம்தான். பேச்சு, நடை, பாட்டு எல்லாம் அதில் தனித்தனியாக மாட்டிய பிளகின்கள், அதாவது துணை மென்பொருள்கள். இன்று காலையில் பாட்டு சிக்கிக்கொண்டு, மனிதர் ஒரே வரியை ஓயாமல் பாடிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு மையத்தை மட்டும் ஓட்டிப் பாக்கணும்மா. அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டிடலாம்," என்றாள் கிளினிக்கில் இருந்த டெக்னீஷியன் ஷெரின்.

அவர் மனைவி மரகதம் அவரைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். தன்மேல் அவர் காட்டும் பிரியமும் மகன் வாங்கிப் போட்ட பிளகினாக இருக்குமோ என்ற சந்தேகத்தை அவள் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

பாட்டு நின்றது. பேச்சு போனது. நடையும் போனது. நல்லதம்பி பெஞ்சில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். புழுக்கம் தாங்காமல் மரகதம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். அவர் மெல்லக் கையை ஊன்றி நகர்ந்து, ஃபேன் காற்று விழும் இடத்தை அவளுக்கு விட்டார். பஸ்ஸில் ஜன்னலோரத்தை விடுவாரே, அதே மாதிரி.

"இப்ப என்னம்மா ஓடுது?" என்று ஷெரினைக் கேட்டாள்.

"மையம் மட்டும்தான். வேற எதுவும் இன்னும் மாட்டலம்மா."

மரகதம் காற்றுக்குக் கீழே நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அவசரமில்ல, மெதுவா மாட்டு."