அணைந்தால் பாஸ்

"கழட்டின பழைய ரேமை மறுபடியும் உள்ள போடும்மா."

சார் சொன்னதும் அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "சார், இப்பதான் நல்லா ஓடுது..."

"நல்லா ஓடுறதைப் பார்க்கவா வகுப்பை முடிச்ச கையோட இவ்வளவு தூரம் வந்தேன்? ரேம்தான் கோளாறுன்னு சொல்றே. அப்ப பழசைப் போட்டா இந்தக் கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு மறுபடி கிளம்பணும். அணைஞ்சா பாஸ். அணையலேன்னா, குருட்டாம்போக்குல எதையோ மாத்தியிருக்கேன்னு அர்த்தம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷமா! சான்றிதழ் கையில் வந்தால் சர்வீஸ் சென்டரில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் சலவைக் கடையில் ஊரார் சட்டைக்கெல்லாம் துண்டுச்சீட்டு குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாலை வகுப்பின் செய்முறைத் தேர்வுக்கு, தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் எடுத்திருந்தாள். 'ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று' என்று சார் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. விசிறியில் தூசு தட்டினாள். மறுநாளே அணைந்தது. இரவல் வாங்கிய பவர் சப்ளையைப் பொருத்தினாள். அப்போதும் அணைந்தது. ஒரு நாள் காலையில், ஒரு நாள் மாலையில். பாட்டு ஓடும்போது, சும்மா கிடக்கும்போது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதெல்லாம் நமக்கு வராதோ என்று நினைத்தபோதுதான் ரேம் மேல் சந்தேகம் விழுந்தது; 'கண்டுபிடிச்சுட்டேன்!' என்று குதித்து அதை மாற்றினாள். அதோடு நின்றது.

இப்போது பழைய ரேமை அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது.

சிபியு பெட்டியை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில், அப்பாவின் வழக்கமான இடத்தில், இன்று சார் உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் தூள் அப்பிய கையைக்கூட அவர் கழுவவில்லை. அம்மா தேநீர் கொடுத்த கறுப்புக் கோப்பையில் வெள்ளை வெள்ளையாக ரேகை.

கம்ப்யூட்டர் கிளம்பியது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னைக்கும் இல்லாத ஒழுக்கத்தைப் பாரு," என்று பல்லைக் கடித்தான் அண்ணன்.

தையல்காரரான அப்பா மெல்ல நகர்ந்து வந்தார். "சார், அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். நீங்க இப்படி சோபாவில வந்து..."

"பரவாயில்லைங்க."

"சாருக்குக் காத்தே வரலையே. நான் வேணா அங்க உட்கார்ந்துட்டு..." என்று அம்மா தொடங்கினாள்.

"இது பரீட்சைம்மா. முடியிற வரைக்கும் யாரும் கிட்ட வராதீங்க."

மூவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். தேர்வு அவளுக்கா அவர்களுக்கா என்று தெரியாதபடி அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

அவள் திரையையே பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். திரையில் படம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணில் நீர் கட்டியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

'டப்!' திரை இருண்டது. விசிறி ஒரு கணம் தடுமாறி, மறுபடி சுழன்றது.

"அணைஞ்சிடுச்சு! சார், அணைஞ்சிடுச்சு!"

"பார்த்தேன், பார்த்தேன். கத்தாதே," என்று எழுந்தார் சார். "நீ வேலை செய்யற முறை சுத்தமா இருக்கு. அதுக்குத்தான் மார்க். உன் மேல நம்பிக்கைதான் உனக்குப் பத்தலை. பாஸ், போ."

அவர் வெளியேறிக் கதவைச் சாத்தியதும் அம்மா அப்பாவின் தோளில் இடித்தாள். "கில்லாடிங்க நீங்க! அங்கேருந்து எப்படிக் கால் எட்டுச்சு?"

"நானா? நீன்னுல்ல நினைச்சேன்!"

"நான் சுவரோரமாத்தானே நின்னேன்? அப்ப பெரியவன்..."

"என்னை ஏன் பார்க்கறீங்க? நான் அசையவே இல்லை," என்றான் அண்ணன்.

"என்ன பேசிக்கறீங்க எல்லாரும்?" என்றாள் அவள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்தான் தலையைச் சொறிந்தான். "பின்னாடி பவர் வயர் லூசா இருந்துச்சு. முதல்ல அணைஞ்சப்பவே அதை அழுத்திச் சொருகிட்டேன், சரியாயிடுச்சு. அப்புறம் பார்த்தா, பரீட்சைக்கே நீ அதைத்தான் எடுத்திருக்கே. கோளாறே இல்லேன்னா பாவம், நீ எதைக் கண்டுபிடிப்பே? அதான் கை ஒழிஞ்சவங்க ஆளாளுக்கு ரீசெட் பொத்தானை..."

"ஆளாளுக்கா?"

"மெஷின் மிதிச்ச காலு, எனக்குச் சுலபமா வந்துச்சு," என்றார் அப்பா பெருமையாக. "எப்ப நிறுத்தறதுன்னுதான் புரியலை. எதை மாத்தினாலும் நீ 'சந்தேகமாத்தான் இருக்கு'ன்னே. ரேமை மாத்தினப்பதான் 'கண்டுபிடிச்சுட்டேன்'னு குதிச்சே. சரி, போதும்னு நிறுத்திட்டோம்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்போ இன்னைக்கு அழுத்தினது யாரு?"

மூவரும் கையை விரித்தார்கள். அவள் குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

சிபியு பெட்டியின் கறுப்பு ரீசெட் பொத்தான் மேல், சாக்பீஸ் தூளில் பளிச்சென்று ஒரு விரல் ரேகை.