பதிவு எண் ஒன்று

"ஊட்டுக்குள்ளயே ஏரோப்ளேனக் கட்டிக் குடுத்தும் உனக்கு இறக்கத் தெரியலையேடா. தம்பின்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்குது."

தம்பியிடம் இதே வார்த்தைகளைத்தான் சொன்னோமா, இதைவிட மோசமாகச் சொன்னோமா என்று கலைமணிக்கு இப்போது நிச்சயமில்லை. அன்பரசு செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றதும், அவன் கையில் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் இருந்ததும் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஓமலூர்ப் பக்கம் இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் அந்த வருடம் ஒரே ஓர் இலவச இடம். அது கிடைக்காமல், இரண்டு பஸ் மாறித் திருச்செங்கோடு வந்து சேர்ந்திருந்தான். சிறு வயதிலிருந்து அவனுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. இந்த இடம் போனால் அப்பாவின் போர்வெல் லாரிதான்.

"என்ன கேட்டாங்க சாமி?" என்றாள் அம்மா சின்னாயி.

"எல்லாந்தாம்மா."

"பதில் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்பறம் எதுக்கு வேண்டாம்னாங்க?"

"ஆப்ல மார்க்கு கம்மியாம்."

கலைமணிக்குச் சுருக்கென்றது. அது அவளுடைய செயலி. பார்த்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் முன்னறையில் உட்கார்ந்து கட்டியது. விமானம் ஓட்டக் கற்பவர்கள் செல்பேசியிலேயே தரையிறங்கிப் பழகலாம். பக்கக்காற்று அடிக்கும், மழை வரும், நடுவானில் எஞ்சின் நிற்கும். இறங்கியது எத்தனை, விழுந்தது எத்தனை என்பது அவரவர் பெயரில் பதிவாகிவிடும். யாராலும் அதை அழிக்க முடியாது.

"இந்த வருசம் சேர வர்ற பசங்களுக்கு வெச்சுப் பாக்கறோம். ஆள சரியா எடை போட்டுச்சுன்னா வாங்கிக்கறோம்" என்றிருந்தார் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் இளவழகன்.

செயலி முதன்முதலாக ஓடிய நாளில் சின்னாயி கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள். புது ஊரில் முதல் குழி போடும்போது அன்பரசு கை பட்ட எலுமிச்சம்பழத்தைத்தான் லாரிச் சக்கரத்தடியில் வைப்பது அவர்கள் வழக்கம். "மொதப் பேரு உன்ற தம்பி பேரா இருக்கட்டும். ராசியான கை" என்றாள். அவன் அப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தான். கலைமணி சிரித்துக்கொண்டே பதிவு எண் ஒன்றை அவன் பெயரில் போட்டாள்.

"பத்து நாளா மொட்டமாடியில செல்ல வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணுன? நான் சொல்லிக் குடுத்திருந்தா ஒரு எருமமாடு இறக்கியிருக்கும்" என்றாள் கலைமணி, வாசலில் நின்றவனிடம்.

"அதுக்குச் செல்லு புடிக்கக் கை வேணுமேக்கா."

அம்மா சிரித்துவிட்டாள். கலைமணி சிரிக்கவில்லை.

"முறுக்கு எதுக்கு? தோத்ததுக்கா?"

"உன்ற ஆப்ப வாங்கிக்கறாங்களாம். அங்க பேசிக்கிட்டாங்க." பொட்டலத்தை அவளிடம் நீட்டினான். "நீ எனக்கு அக்கான்னு நான் காட்டிக்கல. நீ சொன்னாப்டியே."

அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பயிற்சிப் பள்ளியில் ஒப்பந்தத் தாளோடு இளவழகன் காத்திருந்தார்.

"உங்க ஆப் நல்லா இருக்குதுங்க. ஆனா ஒரு கட்டத்துல வேண்டாம்னே விட்டிருப்போம்."

"ஏனுங்க சார்?"

"ஒரு பையன். நேர்ல கேட்டா அத்தனையும் கரெக்டாச் சொல்றான். ஆப்ல பாத்தா ரெண்டாயிரத்துச் சொச்சம் தடவ விழுந்திருக்கான். தப்பு பையன் மேலயா, ஆப் மேலயான்னு எங்களுக்குள்ள ஒரே சண்டை. ஆப் மேலன்னா வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். கடைசில பையனையே கூப்பிட்டு, விசயத்தச் சொல்லிக் கேட்டோம்."

"என்ன சொன்னானுங்க?"

"அந்தக் கணக்க ரெண்டு தடவ படிச்சுப் பாத்தான். அப்பறம், 'ஆப் சரியாத்தான் இருக்குதுங்க. அத்தனையும் நான் விழுந்ததுதானுங்க'ன்னான். நேர்மையான பையன், பாவம்."

இளவழகன் கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

பதிவு எண் ஒன்று. அன்பரசு. இறங்கியது நூற்றுப் பதினான்கு. விழுந்தது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.

அந்த நூற்றுப் பதினான்கும் அவன் மொட்டைமாடியில் பழகியது. விழுந்தால் செயலி என்ன செய்கிறது என்று பார்க்க, ராசியான பதிவு என்று அதிலேயே, இரண்டு வருடமாக ஒவ்வொரு விமானத்தையும் வேண்டுமென்றே தரையில் மோதியவள் அவள்.

வெளியே ஒரு சின்ன விமானம் இறங்கி, தரையைத் தொட்டு, மறுபடி எழும்பிப் போனது. கலைமணி திரையில் அந்த இரண்டு எண்களின் மேலும் விரலை ஓட்டினாள்.

"என்னங்க, பதிவுல ஏதாச்சும் தப்பா?" என்றார் இளவழகன்.

"இல்லைங்க சார். சரியாத்தான் இருக்குது" என்றாள் கலைமணி. "கையெழுத்து எங்கீங்க போடணும்?"

அந்தச் செயலி இன்று ஏழு பயிற்சிப் பள்ளிகளில் ஓடுகிறது. எல்லாம் மகனின் கைராசி என்று சின்னாயி பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாள். அன்பரசு சத்தீஸ்கர்ப் பக்கம் போர்வெல் லாரி ஓட்டுகிறான்.